முதலில் தெரு, பிறகு வீடு

சென்னை அரும்பாக்கம் எம்.எம்.டி.ஏ. காலனியின் உட்தெருக்களில் அடுத்தடுத்து ஒரே மாதிரி இரண்டு வீடுகளைப் பார்ப்பது அரிது. ஒரு மனையில் மூன்று மாடி எழுந்திருக்கும். அதை ஒட்டியே ஒற்றைத் தளத்தோடு நின்றுபோன சின்ன வீடு. கீழே தையல் கடை, மேலே வீட்டுக்காரர் குடும்பம், அதற்கும் மேலே வாடகைக்கு விட்ட போர்ஷன். மொட்டை மாடி மூலைகளில் துருவேறிய கம்பிகள் நீட்டிக்கொண்டிருந்தால், இன்னொரு மாடி போடும் எண்ணத்தை அந்த வீட்டுக்காரர் இன்னும் கைவிடவில்லை என்று அர்த்தம். வீடுகள் அவரவர் வசதிப்படி வளர்ந்திருக்க, தெருக்கள் மட்டும் நூல் பிடித்தாற்போல் ஓடுகின்றன. காரணம், வீடு ஒன்றுகூட எழும்பாத காலத்திலேயே அந்தத் தெருக்கள் வரையப்பட்டுவிட்டன.

1970களின் நடுவில் பிழைப்புத் தேடிச் சென்னைக்கு வந்தவர்கள் கூவம் கரையிலும் பக்கிங்காம் கால்வாய் ஓரத்திலும் குடிசை போட்டுக்கொண்டிருந்தார்கள். 1970இல் தொடங்கப்பட்ட குடிசை மாற்று வாரியம் அடுக்குமாடிக் குடியிருப்புகளைக் கட்டிக் கொடுத்துவந்தது. ஆனால் கட்டி முடிக்கும் வேகத்தைவிடக் குடிசைகள் பெருகும் வேகம் அதிகமாக இருந்தது. 1977இல் உலக வங்கியின் கடனுதவியோடு தொடங்கிய சென்னை நகர்ப்புற வளர்ச்சித் திட்டம் வேறொரு வழியைச் சோதித்துப் பார்த்தது. அரசு வீடு கட்டித் தராது. மனையை அளந்து கல் நட்டு, தெரு போட்டு, தண்ணீர்க் குழாயையும் சாக்கடையையும் தெருவிளக்கையும் மனை வாசல்வரை கொண்டுவந்து சேர்க்கும். மிகச் சிறிய மனைகளில் ஒரு கழிப்பறையும் அதைச் சுற்றி வீட்டுக்கான அடித்தளமும் மட்டும் இருக்கும். மீதியை மனைக்காரர் தன் வசதிக்கேற்பக் கட்டிக்கொள்ளலாம். மனை விலையைத் தவணையில் கட்டலாம். அரும்பாக்கம், வில்லிவாக்கம், கொடுங்கையூர் ஆகிய இடங்களில் முதலில் தொடங்கி, பிறகு முகப்பேர் போன்ற பகுதிகளுக்கும் இது பரவியது.

மனைகளைக் கலந்து வைத்ததுதான் இதில் நுட்பமான விஷயம். ஒரு சென்ட்டை ஒட்டிய சிறு மனைகள் உட்தெருக்களில். நடுத்தரக் குடும்பங்களுக்கான பெரிய மனைகள் அகலத் தெருக்களில். முக்கில் கடைகளுக்கான மனைகள். பெரிய மனைகளையும் கடை மனைகளையும் நல்ல விலைக்கு விற்று, அதில் வந்ததைக் கொண்டு சிறு மனைகளின் விலையைக் குறைத்தார்கள். வீட்டுவேலை செய்பவரும் அரசு அலுவலகக் குமாஸ்தாவும் ஒரே பேருந்து நிறுத்தத்தில் நிற்கும்படியான ஊர் இப்படித்தான் வரைபடத்திலேயே உருவானது.

மாதச் சம்பளக்காரருக்கு வங்கி மொத்தமாகக் கடன் கொடுக்கிறது. ஒரே வருடத்தில் வீடு எழுந்துவிடுகிறது. மூட்டை தூக்குபவருக்கும் பூ கட்டி விற்பவருக்கும் அந்த வழி இல்லை. அவர்கள் வீடு துண்டு துண்டாகத்தான் எழும். சீட்டு எடுத்த பணத்தில் முதலில் செங்கல் சுவர், மேலே கீற்று. இரண்டு மூன்று மழைக்காலம் தாண்டி, பையன் வேலைக்குப் போனதும் கீற்றைப் பிரித்துவிட்டுத் தளம். நகையை மீட்டு, மறுபடி அடகு வைத்து, மாடிப்படியும் ஓர் அறையும். அந்த அறையை வாடகைக்கு விட்டால் அடுத்த கடனுக்கு வட்டி கட்ட வழி பிறக்கும். பதினைந்து, இருபது வருடத்தில் முழு வீடு நிற்கும். 1957 முதல் 1965 வரை பெரு நாட்டில் பணியாற்றிய பிரிட்டிஷ் கட்டடக் கலைஞர் ஜான் டர்னர், லிமா நகரின் ஓரங்களில் குடியேறிய ஏழைகள் இதே மாதிரி கட்டிக்கொள்வதைப் பார்த்தார். வீடு எப்படித் தெரிகிறது என்பதைவிட அது குடும்பத்துக்கு என்ன செய்கிறது என்பதைத்தான் அளக்க வேண்டும் என்று 1970களில் தொடர்ந்து எழுதினார். இந்த வழிக்கு ஒரு நிபந்தனை உண்டு. நாளைக்கே புல்டோசர் வராது என்ற உறுதி இருந்தால்தான் யாரும் நகையை அடகு வைத்துச் செங்கல் வாங்குவார்கள். பட்டாவோ ஒதுக்கீட்டு ஆணையோ கையில் இல்லாத இடத்தில் கீற்று கீற்றாகவே இருந்துவிடும்.

தனி மனிதரால் சுவர் எழுப்ப முடியும், மாடி போட முடியும். ஆனால் பாதாளச் சாக்கடை போட முடியாது. பக்கத்து வீட்டுக்காரரை இரண்டடி பின்னால் தள்ளச் சொல்லித் தெருவை அகலப்படுத்த முடியாது. அரசு மட்டுமே செய்யக்கூடிய வேலை எது, மக்களே செய்துகொள்ளக்கூடியது எது என்று பிரித்துப் பார்த்ததுதான் அந்தத் திட்டத்தின் அறிவு.

சாக்கடையும் தெருவும் விலை உயர்ந்தவை. அவற்றின் செலவை மனையின் வடிவமே தீர்மானிக்கிறது என்பதை ஒரு சின்னக் கணக்கில் பார்க்கலாம். தெருவின் இரு பக்கமும் ஐம்பது ஐம்பதாக நூறு மனைகள். ஒவ்வொன்றும் 40 சதுர மீட்டர், அதாவது ஏறத்தாழ ஒரு சென்ட். மனைக்கு 8 மீட்டர் முகப்பும் 5 மீட்டர் ஆழமும் வைத்தால் தெரு 400 மீட்டர் நீளும். அதே மனையைத் திருப்பி 4 மீட்டர் முகப்பு, 10 மீட்டர் ஆழம் என்று வைத்தால் 200 மீட்டர் போதும். மனையின் பரப்பு ஒரு சதுர அடிகூடக் குறையவில்லை. ஆனால் தார், குழாய், சாக்கடை, விளக்குக் கம்பம் எல்லாம் பாதியாகிவிட்டன. இன்னும் ஒடுக்கினால் செலவு இன்னும் குறையுமே என்று கேட்கலாம். குறையும்; ஆனால் நடு அறைக்குக் காற்றும் வெளிச்சமும் வராது. அந்த எல்லையைக் கண்டுபிடிப்பதுதான் திட்டமிடுபவரின் வேலை. பாலகிருஷ்ண தோஷி இந்தூரில் 1980களில் ஏறத்தாழ 6,500 மனைகளோடு வடிவமைத்த ஆரண்யா குடியிருப்பில் கழிப்பறைகளைக் கொத்தாகச் சேர்த்து வைத்தார். பல வீடுகளின் கழிவுநீர் ஒரே இடத்தில் இறங்கியதால் குழாயின் நீளம் மேலும் குறைந்தது. தோஷி 2018இல் பிரிட்ஸ்கர் விருது பெற்றபோது இந்தக் குடியிருப்பும் உலகின் கவனத்துக்கு வந்தது.

எல்லாத் தெருவும் ஒரே அகலமாக இருக்கவும் தேவையில்லை. குழந்தைகள் விளையாடி, சைக்கிளும் ஸ்கூட்டரும் நுழையும் உட்தெரு ஒடுக்கமாக இருக்கலாம். பேருந்து போகும் தெரு அகலமாக இருந்தே தீர வேண்டும். எந்த வீட்டிலிருந்தும் அந்தத் தெருவுக்கு ஐந்து நிமிட நடை, அதாவது 400 மீட்டர் வாக்கில் இருந்தால் கால்வலிக்காரப் பாட்டியும் ஆஸ்பத்திரிக்குத் தனியே போய் வருவார்.

இவ்வளவு நன்மைகள் இருந்தும் அந்தத் திட்டத்தை ஏன் கைவிட்டார்கள்? ஆரம்ப ஆண்டுகளில் போய்ப் பார்த்த மதிப்பீட்டாளர்களுக்கு அங்கே காலி மனைகள்தான் தெரிந்தன. பாதிச் சுவரோடு நின்ற வீடுகள், கட்டப்படாத தவணைகள், மனையை வேறொருவருக்கு விற்றுவிட்டுப் போன ஒதுக்கீட்டாளர்கள். திறப்பு விழா நடத்தப் புதுக் கட்டடம் ஒன்றும் இல்லை. 1990களின் நடுவுக்குள் உலக வங்கியே இந்த வழியிலிருந்து விலகிவிட்டது. சென்னையிலும் மும்பையிலும் இதே மாதிரி அமைக்கப்பட்ட பகுதிகளுக்குச் சுமார் இருபது ஆண்டு கழித்து மீண்டும் சென்று பார்த்த சுமிலா குல்யானியும் சக ஆய்வாளர்களும் 2018இல் வெளியிட்ட கட்டுரையின் தலைப்பே, தோல்வி என்று நாம் முடிவுகட்டியது வெற்றியாக இருந்ததா என்று கேட்கிறது. காலி மனைகள் நிரம்பி, உயிரோட்டமான ஊர்களாகி இருந்தன. சிறு மனைகளும் கலப்பு வருமானமும் சேர்ந்து, சுற்றிலும் விலை ஏறிய பிறகும் எளியவர்களுக்கு அங்கே இடத்தைத் தக்கவைத்திருந்தன. ஏழைக் குடும்பம் வீடு கட்ட இருபது ஆண்டு எடுக்கும் என்றால், ஐந்தாம் ஆண்டில் போய் மதிப்பெண் போட்டது அளவீட்டின் பிழை.

ஓரிரு ஊர்களைப் பார்த்துவிட்டு முடிவுக்கு வருவது அறிவியல் ஆகாது. அந்த இடம் நல்ல இடமாக இருந்ததால்தான் வளர்ந்ததோ என்ற சந்தேகம் நியாயமானது. அதைத் தீர்க்க ஒப்பிட்டுப் பார்க்க இன்னொரு இடம் வேண்டும். தான்சானியா அந்த வாய்ப்பைத் தந்தது. அங்கே 1970களிலும் 80களிலும் டார் எஸ் ஸலாம் உள்ளிட்ட ஏழு நகரங்களில் உலக வங்கி உதவியோடு இதே மாதிரித் திட்டங்கள் நடந்தன. சில இடங்களில் வெற்று நிலத்தில் தெருவும் மனையும் வரையப்பட்டன. சில இடங்களில் ஏற்கெனவே குடிசைகள் நிறைந்த பகுதிகளுக்குச் சாலையும் தண்ணீரும் கொடுக்கப்பட்டன. லண்டன் பொருளியல் பள்ளியின் கை மைக்கேல்ஸும் சக ஆய்வாளர்களும் திட்ட எல்லைக்கோட்டின் இரு பக்கங்களையும் செயற்கைக்கோள் படங்களிலும் கணக்கெடுப்புகளிலும் ஒப்பிட்டு 2021இல் முடிவுகளை வெளியிட்டார்கள். கோட்டுக்கு உள்ளே இருக்கும் நிலமும் வெளியே இருக்கும் நிலமும் ஆரம்பத்தில் ஏறத்தாழ ஒன்றுதான் என்பதால், பல பத்தாண்டு கழித்துத் தெரியும் வித்தியாசம் பெரும்பாலும் அந்தக் கோட்டினால் வந்தது என்று கொள்ளலாம். முன்கூட்டியே வரையப்பட்ட பகுதிகளில் வீடுகள் பெரியவையாகவும் வரிசையாகவும் இருந்தன. மின்சாரமும் கழிவுநீர் வசதியும் மேலாக இருந்தன. குடிசைகள் வந்த பிறகு சீரமைக்கப்பட்ட பகுதிகளில் அப்படிப்பட்ட நீடித்த முன்னேற்றம் தெரியவில்லை.

இந்த இரண்டாவது முடிவைத் தவறாகப் படித்துவிடக் கூடாது. குடிசைப் பகுதிகளைச் சீரமைப்பது வீண் என்றோ, அங்கிருப்பவர்களை அப்புறப்படுத்தலாம் என்றோ அது சொல்லவில்லை. நெரிசலான இடத்துக்குப் பிறகு குழாய் பதிப்பது கடினம், பதித்ததைப் பராமரிப்பது அதைவிடக் கடினம் என்றுதான் சொல்கிறது. பராமரிப்புக்குப் பணம் ஒதுக்காத சீரமைப்பு கரைந்துபோகும். இன்னொன்றையும் அந்த ஆய்வு சொல்கிறது: நன்கு வரையப்பட்ட பகுதிகளுக்குக் காலப்போக்கில் கூடுதலாகப் படித்தவர்கள் வந்து சேர்ந்தார்கள், முன்னேற்றத்தின் ஒரு பங்கு அவர்களால் வந்தது. சென்னையிலும் முதலில் மனை பெற்ற பலர் விற்றுவிட்டுப் போனார்கள். அவர்கள் ஏமாந்தார்கள் என்று சொல்லிவிட முடியாது. விற்ற பணத்தில் கடனை அடைத்தவர்களும், சொந்த ஊரில் நிலம் வாங்கியவர்களும் இருந்திருப்பார்கள். ஆனால் கையிருப்பே இல்லாத, சுவர் எழுப்பவும் வழியில்லாத கடைசிப் படியில் இருப்பவருக்கு மனை மட்டும் போதாது. அவருக்கு மலிவான வாடகை வீடு வேண்டும். சிறு மனைக்காரர்கள் கட்டிய மாடிப் போர்ஷன்கள்தான் இப்போது அந்தத் தேவையில் ஒரு பகுதியைத் தாங்குகின்றன.

வீட்டையே முழுதாகக் கட்டிக் கொடுத்தால் என்ன ஆகிறது என்பதற்கும் நம் நாட்டிலேயே துல்லியமான சோதனை ஒன்று நடந்திருக்கிறது. 1987இல் அகமதாபாத்தில் பீடி சுற்றும் பெண்களுக்குக் குலுக்கல் முறையில் புது வீடுகள் ஒதுக்கப்பட்டன. குலுக்கல் என்பதால், வென்றவர்களுக்கும் தோற்றவர்களுக்கும் வேறு வித்தியாசம் இல்லை. மருந்தைச் சோதிக்கும்போது செய்வது மாதிரியான ஒப்பீடு தானாக அமைந்துவிட்டது. ஷாரன் பார்ன்ஹார்ட், எரிகா ஃபீல்ட், ரோகிணி பாண்டே ஆகியோர் பதினான்கு ஆண்டு கழித்த நிலையை ஆராய்ந்து 2017இல் வெளியிட்டார்கள். புது வீடு நகர மையத்திலிருந்து சுமார் 12 கிலோமீட்டர் தள்ளி இருந்தது. வென்றவர்களில் 34 சதவீதம் பேர் அங்கே குடிபோகவே இல்லை. 32 சதவீதம் பேர் போய்விட்டுத் திரும்பிவிட்டார்கள். வீட்டின் தரம் கூடியது உண்மை. குடும்ப வருமானமோ பிள்ளைகளின் முன்னேற்றமோ கூடவில்லை. உறவும் சுற்றமும் தூரமாகிவிட்டதால், அவசரத்துக்குக் கைமாற்று வாங்க ஆளில்லாமல் போனது.

இதைப் படிக்கும்போது சென்னையின் மறுகுடியமர்வுக் குடியிருப்புகளான கண்ணகி நகரையும் பெரும்பாக்கத்தையும் நினைக்காமல் இருக்க முடியவில்லை. 2000ஆம் ஆண்டில் குடியேற்றம் தொடங்கிய கண்ணகி நகரில் 15,000க்கும் மேற்பட்ட வீடுகள். பெரும்பாக்கத்தில் எட்டு அடுக்குக் கட்டடங்கள். ஊர் நடுவிலிருந்த கூவம் கரைக் குடும்பங்களுக்கு அது 20 கிலோமீட்டர் வாக்கில் தூரம். வீட்டுவேலைக்குப் போகும் பெண்ணின் கணக்கைப் பாருங்கள். ஒரு வீட்டில் பாத்திரம் தேய்த்துப் பெருக்கித் துடைக்க ஒரு மணி நேரம். முன்பு நடந்து போய் நாலு வீடு பார்த்தவர், பேருந்திலேயே போகவர மூன்று மணி நேரம் கழிந்தால் இரண்டு வீட்டை விட்டுவிட வேண்டும். 2021 முதல் சாதாரண நகரப் பேருந்தில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை. அது பெரிய ஆறுதல். ஆனால் டிக்கெட் காசைத் திருப்பித் தர முடிந்த அரசால் அந்த இரண்டு வீட்டு நேரத்தைத் திருப்பித் தர முடியாது. பழைய மாமல்லபுரம் சாலை நிறுவனங்களில் துப்புரவு, காவல் வேலைகள் பின்னால் வந்தன, எல்லாருக்கும் அல்ல. முகவரியைப் பார்த்ததும் வேலை தரத் தயங்குகிறார்கள் என்று அங்குள்ள இளைஞர்கள் பல ஆண்டுகளாகச் சொல்லி வருகிறார்கள். ஏழைகளை மட்டும் ஓரிடத்தில் சேர்த்து வைத்ததன் விலை அது.

முகப்பேரும் அந்தக் காலத்தில் ஊர் ஓரம்தானே என்று கேட்பது சரிதான். ஆனால் ஒரு பக்கம் அம்பத்தூர் தொழிற்பேட்டை, இன்னொரு பக்கம் அண்ணா நகர். ஆண்களுக்குப் பட்டறையும் பெண்களுக்கு வீட்டுவேலையும் சைக்கிள் தூரத்தில் இருந்தன. அதே குடியிருப்பில் இருந்த நடுத்தரக் குடும்பங்கள் பள்ளிக்கும் பேருந்துக்கும் மனுப் போட்டபோது, கிடைத்தது எல்லாருக்கும் கிடைத்தது. 2015இல் சென்னை மெட்ரோவின் முதல் தடம் திறந்தபோது அரும்பாக்கத்துக்கு ஒரு நிலையம் கிடைத்தது. ஊர் விரிந்து அந்த மனைகளைத் தனக்குள் எடுத்துக்கொண்டது.

மாடி அடுக்கினால்தான் நிலம் மிச்சமாகும் என்ற வாதமும் கணக்கில் நிற்கவில்லை. ஒரு ஹெக்டேரில் பாதியைத் தெரு, பள்ளி, பூங்காவுக்கு விட்டாலும் 40 சதுர மீட்டரில் 125 மனைகள் கிடைக்கும். மனைக்கு இரண்டு குடும்பம், குடும்பத்துக்கு நாலு பேர் என்றால் 1,000 பேர். லிஃப்ட் கிடையாது, லிஃப்ட் பழுதானால் ஏழாம் மாடிக்குத் தண்ணீர்க் குடம் சுமப்பதும் கிடையாது.

அந்தக் காலத்துத் திட்டக்காரர்கள் எல்லாவற்றையும் சரியாகச் செய்தார்கள் என்று நான் சொல்ல வரவில்லை. அவர்கள் நீரை மறந்தார்கள். அதே முகப்பேரில் வீட்டுவசதி வாரியத்தின் ஏரித் திட்டம் ஏரி நிலத்தில்தான் எழுந்தது. பின்னாளில் தெற்கே பெரும்பாக்கமும் செம்மஞ்சேரியும் பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தின் அக்கம்பக்கத்தில் எழுந்து, ஒவ்வொரு பெருமழையிலும் தண்ணீரில் நிற்கின்றன. தெருவுக்குக் கோடு போடும் முன் ஏரிக்கும் கால்வாய்க்கும் கோடு போட்டாக வேண்டும்.

இப்போது வரையவேண்டிய காகிதம் மிகப் பெரியது. 1,189 சதுர கிலோமீட்டராக இருந்த சென்னைப் பெருநகர்ப் பகுதியை 2022இல் 5,904 சதுர கிலோமீட்டராக விரித்துவிட்டார்கள். 2026 முதல் 2046 வரைக்குமான மூன்றாம் முழுமைத் திட்டம் தயாராகிவருகிறது. ஆனால் திட்டம் வரும்வரை ரியல் எஸ்டேட் காத்திருப்பதில்லை. பேருந்து ஜன்னலிலிருந்து பார்த்தாலே தெரியும்: வயலில் வர்ணம் அடித்த கற்கள், கொடி கட்டிய வளைவு, இருபதடி மண் ரோடு. அந்த ரோடு மனைப்பிரிவின் எல்லையில் ஒரு காம்பவுண்டுச் சுவரில் முட்டி நிற்கும். அடுத்த மனைப்பிரிவின் ரோடு வேறொரு இடத்தில் முட்டி நிற்கும். இரண்டும் சேராததால் நாளைக்குப் பேருந்தும் வராது, சாக்கடையும் போகாது. அங்கீகாரமற்ற மனைகளைப் பத்திரம் பதியக் கூடாது என்று சென்னை உயர் நீதிமன்றம் 2016இல் தடை விதித்தது; அடுத்த ஆண்டே அவற்றை வரன்முறைப்படுத்தும் திட்டம் வந்தது. வரன்முறை பத்திரத்தைச் சரிசெய்யும், முட்டி நிற்கும் ரோட்டைத் திறக்காது. 1811இல் நியூயார்க் நகரம் மன்ஹாட்டன் தீவு நெடுகத் தெருக்களை வரைந்தபோது அதன் மக்கள்தொகை ஒரு லட்சத்துக்குள்தான். காலி நிலத்தில் கோடு மலிவு; வீடு வந்த பிறகு அதே கோட்டுக்கு இழப்பீடு, வழக்கு, கண்ணீர்.

ஏழைகளுக்கான மனைக்குச் சட்டத்தில் இடம் இல்லாமலும் இல்லை. 2008இல் நடைமுறைக்கு வந்த இரண்டாம் முழுமைத் திட்டத்தின் வளர்ச்சி விதிகளிலேயே ஒரு ஷரத்து சேர்க்கப்பட்டது. 10,000 சதுர மீட்டருக்கு மேற்பட்ட குடியிருப்பு மனைப்பிரிவில், சாலை நீங்கலான பரப்பில் 10 சதவீதத்தைப் பொருளாதாரத்தில் நலிந்தவர்களுக்கான மனைகளாகப் பிரித்து, அவர்களுக்கே விற்க வேண்டும். அவற்றை வேறு பயனுக்கு மாற்றவோ, இரண்டு மூன்றைச் சேர்த்து ஒன்றாக்கவோ கூடாது. அரும்பாக்கத்தில் நாற்பது ஆண்டு தாக்குப்பிடித்த சூத்திரம் அப்படியே அந்த வரியில் இருக்கிறது. ஒரு சென்ட் மனை ஒரு சென்ட்டாகவே இருக்கும்வரை அதில் பங்களா எழ முடியாது. எளிய குடும்பத்துக்குத்தான் அது பயன்படும். மூன்றாம் முழுமைத் திட்டத்தின் வரைபடம் மக்கள் கருத்துக்கு வைக்கப்படும்போது நான் முதலில் பார்க்கப்போவது அதன் மேம்பாலங்களை அல்ல. புதிய குடியிருப்புப் பகுதிகளைத் தாண்டிப் பேருந்துத் தெருக்கள் ஒன்றோடொன்று சேர்கின்றனவா, அந்தத் தெருவிலிருந்து எத்தனை மீட்டருக்குள் இந்தச் சிறு மனைகள் அமைய வேண்டும் என்று விதி சொல்கிறதா, விற்ற பிறகு யார் கையில் இருக்கின்றன என்று பார்க்க ஓர் அலுவலர் உண்டா என்பதைத்தான்.